தேயிலைத் தோட்டத்தின் கண்காணா உழவர்கள்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரத்தில் மிகுதியாகச் செலவாகும் பொருள் எது என்று கேட்டால், இரும்பு என்பார் சிலர். மின்சாரம் என்பார் சிலர். என்னைக் கேட்டால் தேநீர் என்பேன். இரவு வேலை முடித்து வருபவரும் காலை வேலைக்குப் போகிறவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து குடிப்பது அதைத்தான். ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தேயிலைச் செடிகூட விளைவதில்லை. நெல்லும் வேர்க்கடலையும் மாவும் மல்லிகையும் விளையும் மண் நமது மண். அப்படியிருக்க, தேயிலைத் தோட்டத்து மண்ணைப் பற்றி நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுத வேண்டிய காரணம் என்ன என்று வாசகர்கள் வினவலாம்.

காரணம் இரண்டு. முதலாவது, எங்கள் ஆயா. இலங்கையின் மலைநாட்டில் கொழுந்து பறித்து வளர்ந்தவர். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் கப்பலேறி வந்த குடும்பங்களுள் எங்கள் ஆயாவின் குடும்பமும் ஒன்று. அவரோடு வந்தவர்களில் பலர் நீலகிரிக்குச் சென்றனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே தமிழக அரசு 1968-இல் அங்கே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டேன்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. எங்கள் குடும்பமோ சமவெளியில் தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம், 2021-ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஒரு நாடு முழுவதும் இரசாயன உரம் ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அதன் விளைவைத் தேயிலையும் நெல்லும் தாங்கின. "மண்ணுக்கு நல்லதுதானே செய்தார்கள், பிறகு ஏன் கண்ணு கெட்டுப்போச்சு?" என்று ஆயா என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இத்தகைய கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்து சேரும். விடை தேடிப் படித்தபோது, அது மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிடம் கொண்டுபோய் விட்டது. அதனை இங்கே இயன்றவரை எளிமையாகக் கூற முற்படுகிறேன்.

மண்ணில் வாழ்வோர்

வளமான மண் ஒரு கிராம் எடுத்தால், அதில் பத்துக் கோடி முதல் பல நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கும். இதை எப்படி எண்ணுகிறார்கள் என்பது நுண்ணுயிரியல் செய்முறை வகுப்புக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிராம் மண்ணைத் தூய நீரில் கலக்கிப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்கிறோம். பத்து லட்சம் மடங்கு நீர்த்த சாற்றில் ஒரு மில்லி எடுத்து அகார் வட்டில் பரப்பி வைக்கிறோம். இரண்டு நாளில் 42 புள்ளிகள் எழுந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிரிலிருந்து பெருகிய கூட்டம். ஆகவே அந்த ஒரு கிராம் மண்ணில் நான்கு கோடியே இருபது லட்சம் உயிர்கள் இருந்தன எனக் கொள்கிறோம்.

ஆனால் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. அகார் வட்டில் வளரக்கூடியவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் சுமார் நூற்றில் ஒரு பங்கே. ஏனையவை நாம் கொடுக்கும் உணவை ஏற்பதில்லை. அதனால்தான் இன்று ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து நேரடியாக டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எந்தெந்த இனங்கள் உள்ளன என்று படித்தறிகின்றனர்.

இவ்வுயிர்கள் செய்யும் வேலை என்ன? உதிர்ந்த இலையையும் இறந்த வேரையும் சிதைத்து, அவற்றில் அடைபட்டிருந்த சத்தை மீண்டும் செடி உண்ணும் வடிவுக்குக் கொண்டுவருகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. கரையாத மணிச்சத்தைக் கரைக்கின்றன. மண் துகள்களை ஒட்டவைத்து, நீரும் காற்றும் புகும் இடைவெளிகளை உண்டாக்குகின்றன. கலப்பை பிடிக்காத உழவர்கள் என்று இவற்றைச் சொன்னால் மிகையாகாது.

புளித்த மண்ணை விரும்பும் செடி

பெரும்பாலான பயிர்கள் அமிலமும் காரமும் மிகாத நடுநிலை மண்ணையே விரும்பும். தேயிலை இதற்கு விலக்கு. பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணில்தான் அது செழிக்கும். பி.எச். என்பது பத்தின் மடங்குகளில் அமைந்த அளவு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பி.எச். 7-ஐ விட பி.எச். 5 நூறு மடங்கு அமிலமானது. அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். மற்றப் பயிர்கள் கருகும் அந்த அலுமினியத்தைத் தேயிலை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

செடிக்கு இது சரி, பாக்டீரியாக்களுக்கு? அமெரிக்க ஆய்வாளர்களான ஃபியரர், ஜாக்சன் இருவரும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் 98 இடங்களின் மண்ணைச் சோதித்து 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஓரிடத்தில் எத்தனை வகைப் பாக்டீரியாக்கள் வாழும் என்பதை வெப்பத்தைக் காட்டிலும் மழையைக் காட்டிலும் மண்ணின் பி.எச். அளவே மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்பதே அது. நடுநிலை மண்ணில் வகைகள் பல. அமில மண்ணில் சில. ஆக, தேயிலை மண் இயல்பாகவே பாக்டீரியா வகைகள் குறைந்த மண். இருப்பவையும் அமிலத்தைத் தாங்கப் பழகியவை.

எடுத்துக்காட்டாக, தானாக வாழ்ந்து நைட்ரஜனைப் பிடிக்கும் அசட்டோபாக்டர் நம் பகுதி மண்ணில் நன்கு வளரும். பி.எச். 6-க்குக் கீழே அதற்கு வாழ்வு கடினம். அதே வேலையைச் செய்யும் பெய்ஜெரின்கியா என்ற பாக்டீரியா அமில மண்ணையும் தாங்கும். எனவே சமவெளி வயலுக்கென்று செய்த உயிர் உரப் பொட்டலத்தை அப்படியே மலைத் தோட்டத்தில் தூவினால், அதிலுள்ள உயிர்கள் நிலைக்கும் என்று நம்ப முடியாது.

தழைச்சத்தின் பயணம்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் செடியால் அதைத் தொட முடியாது. நம் மாவட்டத்தை ஒட்டிய மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை இருப்பது யாவரும் அறிந்ததே. இத்தகைய ஆலைகளில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஏறத்தாழ 450 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல் நூறு இருநூறு மடங்கு அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா செய்து, பின்னர் யூரியா ஆக்குகிறார்கள். இதே வேலையை ஒரு பாக்டீரியா நைட்ரஜனேஸ் என்ற நொதியின் துணையால் சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. ஆனால் அதற்கும் எரிபொருள் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவிட்டாக வேண்டும். அந்த ஆற்றல் கரிமப் பொருளிலிருந்து வர வேண்டும்.

வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் மிளகு போன்ற முடிச்சுகள் தெரியும். கடலைச் செடி தான் தயாரித்த சர்க்கரையை அம்முடிச்சுகளிலுள்ள ரைசோபியம் பாக்டீரியாவுக்குக் கொடுத்துத் தழைச்சத்தைப் பெறுகிறது. தேயிலைக்கு இத்தகைய முடிச்சுகள் இல்லை. அது மண்ணில் உள்ள சத்தையும் மனிதர் இடும் சத்தையுமே நம்பி நிற்கிறது. நாமோ அதன் பூவையோ கனியையோ எடுப்பதில்லை; தழைச்சத்து செறிந்த இளங்கொழுந்தையே ஆண்டு முழுதும் கிள்ளி எடுக்கிறோம்.

யூரியாவை இட்டால் மண்ணில் நடப்பது என்ன? முதலில் யூரியேஸ் என்னும் நொதி அதை அம்மோனியமாக்குகிறது. தேயிலை விரும்பி உண்பது இந்த அம்மோனியத்தைத்தான். ஆனால் அது உண்ணுமுன் வேறு உயிர்கள் குறுக்கிடுகின்றன. அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை ருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டினார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகத்தில் நாம் படிப்பவை இவ்வினத்தவை. மிகுந்த அமில மண்ணில் இவை தளர்ந்துவிடும். அப்படியும் அங்கே நைட்ரேட் உண்டாவது நெடுநாள் புதிராக இருந்தது. அமிலத்தை விரும்பும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்றை ஸ்காட்லாந்து மண்ணிலிருந்து பிரித்து 2011-இல் வெளியிட்ட பின்னர், அப்புதிரின் ஒரு பகுதி விடுபட்டது.

இம்மாற்றத்தில் ஒவ்வோர் அம்மோனிய அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் மண்ணில் விடப்படுகின்றன. ஹைட்ரஜன் அயனி என்றால் அமிலம். உண்டான நைட்ரேட்டோ மலைமழையில் எளிதாகக் கழுவப்பட்டு ஓடைக்குப் போய்விடும். ஆக, உரம் மிகும்போது சத்து நீரோடு போகிறது. புளிப்பு மண்ணோடு தங்குகிறது. அம்மோனியம் சல்பேட் இவ்வகையில் யூரியாவையும் மிஞ்சியது. சீனத்திலும் ஜப்பானிலும் அளவுக்கு மீறி இரசாயனத் தழைச்சத்து இட்ட தோட்டங்கள் பலவற்றில் பி.எச். 4-க்கும் கீழே இறங்கியது. புளிப்பை விரும்பும் தேயிலைக்கே அது ஒவ்வாத அளவு. இதனால்தான் தென்னிந்தியத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கொருமுறை கவாத்து வெட்டும் சமயத்தில் டாலமைட் சுண்ணாம்பு இடுவது வழக்கமாயிற்று.

இயற்கை உரம் செய்யும் வேலை

இப்போது தொழு உரத்துக்கு வருவோம். யூரியா செடிக்கு மட்டும் உணவு. தொழு உரமும் மட்கு உரமும் முதலில் பாக்டீரியாவுக்கு உணவு, அதன்பின் செடிக்கு உணவு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லாம் பிறக்கின்றன.

முதலாவது, எண்ணிக்கை. எரு இட்டதும் கரிமப் பொருள் கிடைப்பதால் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன. மண் விடும் மூச்சாகிய கரியமில வாயு கூடுகிறது.

இரண்டாவது, அமிலம். நன்கு மட்கிய எரு நடுநிலையாகவோ சிறிது காரமாகவோ இருக்கும். அது மண்ணின் புளிப்பைச் சற்றே தணிக்கிறது. மட்குப் பொருள் அலுமினியத்தைப் பிடித்துவைத்து அதன் நச்சையும் குறைக்கிறது. அதனால் அமிலத்துக்கு அஞ்சி ஒடுங்கியிருந்த இனங்களும் தலைதூக்குகின்றன.

மூன்றாவது, மணிச்சத்து. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, கரிம அமிலங்களைச் சுரந்து அதனை விடுவிக்கின்றன. கடைகளில் பாஸ்போபாக்டீரியா என்று விற்கப்படுபவை இவையே.

நான்காவது, காவல். தேயிலையின் பெரும்பகையான கொப்புள நோய் ஒரு பூஞ்சையால் வருவது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது 1946-இல் தோன்றியது. அதற்கு எதிராகச் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் போன்ற பாக்டீரியாக்களைத் தெளிப்பதும் இன்று உள்ள முறைகளில் ஒன்று.

ஆயினும் எருவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாக்டீரியா தன் உடலைக் கட்டக் கரியும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். எருவில் நைட்ரஜன் ஒரு பங்கு, கரி இருபது பங்கு என்றிருந்தால் மிச்சமாகும் தழைச்சத்து செடிக்குக் கிடைக்கும். கரி முப்பது பங்குக்கு மேல் போனால், மட்காத வைக்கோலையும் மரத்தூளையும் போல, பாக்டீரியா தன் பசிக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். எரு போட்டும் பயிர் மஞ்சளாயிற்று என்று நம் ஊர் உழவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அரைகுறையாக மட்கிய குப்பையை எரு என்று கருதக்கூடாது.

தோட்டத்து மக்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய கிளைகளையும் இலைகளையும் செடி வரிசைகளுக்கு நடுவே குழிவெட்டிப் புதைத்ததை ஆயா சொல்வார். இதையே அறிவியல் முறைப்படி செய்து பார்த்தவர்கள் நம் தமிழகத்து வால்பாறையில் உண்டு. 1990-களில் சம்பல்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செனபதியும் பிரான்சு நாட்டு அறிஞர் லவெலும் பாரி அக்ரோ நிறுவனத்தின் தோட்டங்களில் ஆய்வு நடத்தினர். வரிசைகளுக்கிடையே பள்ளம் எடுத்து, கவாத்துக் கழிவையும் மற்றக் கரிமப் பொருள்களையும் அடுக்கி, மண்புழுக்களையும் விட்டு மூடினர். நெடுங்காலப் பயிரால் களைத்துப்போன அம்மண்ணில் விளைச்சல் கூடியது. மண்புழுவின் குடலும் அதன் எச்சமும் பாக்டீரியாக்கள் பெருகும் நாற்றங்கால் அல்லவா!

ஒரு கணக்கு

இவ்வளவு நன்மை இருக்க, 2021-இல் இலங்கையில் நேர்ந்ததற்குக் காரணம் என்ன? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். தேயிலைத் தூளில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு தழைச்சத்து. ஓர் எக்டேரில் ஆண்டுக்கு 2000 கிலோ தூள் எடுத்தால், 80 கிலோ தழைச்சத்து தோட்டத்தை விட்டு வெளியேறுகிறது. அதை யூரியாவாகத் திருப்பிக் கொடுக்க 45 கிலோ மூட்டைகள் நான்கு போதும். தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கே. ஆகவே 16 டன் வேண்டும். ஒருவர் தலைச்சுமையாக 25 கிலோ தூக்கினால், 640 நடை. அதுவும் மலைச்சரிவில்! இது வெளியேறிய சத்துக்கு மட்டுமே ஈடு. எருவிலுள்ள சத்து முழுவதும் முதலாண்டிலேயே கிடைத்துவிடுவதும் இல்லை.

இதையே நாடு முழுமைக்கும் விரித்துப் பாருங்கள். இலங்கை 2020-இல் ஏறத்தாழ 28 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்தது. அதில் வெளியேறிய தழைச்சத்து சுமார் 11,200 டன். அதைத் தொழு உரமாக ஈடு செய்ய 22 லட்சம் டன்னுக்கு மேல் தேவை. பத்து டன் லாரிகளில் ஏற்றினால் இரண்டே கால் லட்சம் லாரிகள்.

இலங்கையில் நடந்தது

2021 ஏப்ரல் இறுதியில் அன்றைய அதிபர் கோத்தபய ராஜபக்சவின் அரசு இரசாயன உரங்களுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் இறக்குமதித் தடை விதிக்க முடிவு செய்தது. மே 6-ஆம் நாள் அரசிதழில் அறிவிப்பு வந்தது. மக்களின் உடல்நலம் என்று அரசு காரணம் கூறியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே காரணம் என்று விமரிசகர்கள் கூறினர். அந்நாட்டின் தேயிலை 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டுத் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கொழுந்து எடுத்து, பல பத்தாண்டுகளாக உர மூட்டையை நம்பிப் பழகிய மண் பல தோட்டங்களில் இருந்தது. அத்தகைய மண்ணில் கரிமம் குறைவு. அதை உண்டு வாழும் உயிர்களும் குறைவு. மூட்டையை நிறுத்தியவுடன் தழைச்சத்தை விடுவித்துத் தரப் போதிய பாக்டீரியாப் படை அங்கே இல்லை. மலையின் குளிரில் எரு மட்குவதும் மெதுவே. கொடுப்பதற்கோ, மேற்கண்ட கணக்கின்படி எருவும் இல்லை.

அரசு சீனத்திலிருந்து இயற்கை உரம் வரவழைக்க முயன்றது. அனுப்பப்பட்ட மாதிரியில் எர்வினியா என்ற, செடிகளை அழுகச் செய்யும் பாக்டீரியா வகை உயிரோடு இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் அறிவித்தது. விற்ற நிறுவனம் அதனை மறுத்தது. சரக்கோடு வந்த கப்பல் இறக்காமலே திரும்பியது. வழக்கின் முடிவில் 2022 ஜனவரியில் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. எரு என்பது செத்த பொருளன்று. அதில் நல்ல உயிரும் வரும், தீய உயிரும் வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

2021 இலையுதிர் காலத்தில் தேயிலைக்கும், நவம்பரில் பொதுவாகவும் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் வாடிய தோட்டம் ஒரே நாளில் தேறுமா? 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி, 2022-இல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. எரிபொருள் பஞ்சத்துக்கும் இதில் பங்குண்டு. நெல் விளைச்சலும் குறைந்து அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களுடையது. பெருந்தோட்டங்களிலோ கிலோக் கணக்கில் பறித்தால்தான் முழுக் கூலி. கொழுந்து இல்லாவிட்டால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அடுப்பு எரியாது. லயத்து வீடுகளில் வாழும் நம் மக்கள்தாம் அந்தச் சுமையை முதலில் தாங்கினார்கள்.

ஆக, ஆயாவின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான்: இயற்கை உரம் தோற்கவில்லை, அவசரம் தோற்றது. சிக்கிம் மாநிலம் இயற்கை வேளாண்மைக்கு மாற 2003-இல் முடிவெடுத்து 2016-இல்தான் முழுமையாக மாறியதாக அறிவித்தது. அங்குள்ள தெமி தேயிலைத் தோட்டமும் அவ்வாறு படிப்படியாக மாறியதே. நம் நாட்டு இயற்கைச் சான்று விதிகளும் தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 36 மாத மாறுதல் காலம் வைத்துள்ளன. அக்காலம் வெறும் காத்திருப்பு அன்று. மண்ணில் உயிர்ப்படை திரளும் காலம். அதுவரை இரசாயன உரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எருவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இடையில் மண்ணைச் சோதித்து வருவதே அறிவுடைமை. வேப்பம் புண்ணாக்கை யூரியாவுடன் கலந்து இட்டால், நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேகம் தணிந்து சத்து வீணாவது குறையும். இதுவும் இரு முறைகளையும் இணைக்கும் ஒரு பாலம்.

நம் மாவட்டத்துக்கு என்ன?

'இயற்கை' என்று மூட்டையில் அச்சிட்டிருந்தால் போதும் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வளர்ந்து வருகிறது. என் தந்தை தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டருகே எங்களுக்குள்ள அரை ஏக்கரில் என் தாய் கடலையும் கீரையும் பயிரிடுகிறார். தொழிற்சாலைகளும் வயல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நம் பகுதியில், குப்பையிலிருந்து செய்த மட்கு உரத்தை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பேட்டரி, பெயிண்டு, உலோகத் தூள் ஆகியவை கலந்த குப்பையா, பிரித்தெடுத்த குப்பையா? கரிமம் மட்கும், காரீயமும் காட்மியமும் மட்கா. அவை மண்ணில் தங்கிப் பாக்டீரியாக்களை முடக்கும்.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் 2006 முதல் இயற்கை உரங்களும் உயிர் உரங்களும் கொண்டுவரப்பட்டுள்ளன. அதன்படி நகரக் குப்பை மட்கில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லி கிராமுக்கும், காரீயம் 100 மில்லி கிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது. தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிர்ச் செல்கள் இருக்க வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்த, நாள் கடந்த பொட்டலத்தில் அவை இரா. தேதி பார்த்து, நிழலில் வைத்ததை வாங்குவது யாரும் செய்யக்கூடிய காரியம்.

ஆய்வகம் இல்லாதவர்களும் மண்ணின் உயிரைக் காண ஒரு வழி உண்டு. அகன்ற வாயுள்ள மூன்று சீசாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஈரமான வயல் மண். இன்னொன்றில் அதே அளவு மண்ணோடு ஒரு பிடி மட்கிய எரு. மூன்றாவதில் ஒன்றும் வேண்டாம். மூன்றிலும் சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து இறுக மூடி ஒரு நாள் விடுங்கள். மண் மூச்சுவிட்ட அளவுக்குச் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுக்கும். எரு இட்ட சீசாவில் வெண்மை கூடுதலாக இருக்கும். வெற்றுச் சீசா ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எங்கள் தெருவில் இதைச் செய்து காட்டியபோது, யூரியாவா எருவா என்று வழக்கமாகச் சண்டையிடும் பெரியவர்கள் இருவரும் சற்று நேரம் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்து மண்ணை ஒரு பிடி எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அதன் பி.எச். அளவையும் கரிம அளவையும் அறிந்து வாருங்கள். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஐயம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. எந்த உரம் நல்லது என்ற வாதத்துக்கு முன்னால், நம் மண்ணில் யார் வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது முறை. மலைத் தோட்டமானாலும் பொன்னேரி வயலானாலும் அந்தக் கண்காணா உழவர்களுக்கும் கூலி உண்டு. அது கரிமம். அதைக் கொடுக்காமல் வேலை மட்டும் வாங்கினால் ஒரு நாள் அவர்கள் இல்லாமற் போவார்கள். கொடுக்கத் தொடங்கிவிட்டோம் என்பதற்காக மறுநாளே அறுவடை கேட்டால், அதுவும் அவர்களால் ஆகாத காரியம்.